டென்னிஸ் மகளிர் இரட்டையர்: 40-40க்குப் பிறகு ஒரே பாயின்ட், மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 பாயின்ட். விதி என்ன?

கோர்ட்ஓரம்:
டபிள்யூடிஏ (மகளிர் தொழில்முறை டென்னிஸ் சங்கம்) போட்டிகளில் மகளிர் இரட்டையர் பார்க்கும்போது சில சந்தேகங்கள். 40-40 ஆனதும் அட்வான்டேஜ் (இரண்டு பாயின்ட் முன்னிலை வரும்வரை ஆடுவது) இல்லாமல் ஒரே பாயின்ட்டில் கேம் முடிந்துவிடுகிறது. அந்தப் பாயின்ட்டை எந்தப் பக்கம் ஆடுவது என்று யார் முடிவு செய்வது? நன்றாக ரிட்டர்ன் அடிப்பவரை அந்தப் பக்கம் மாற்றி நிறுத்தலாமா? ஆளுக்கொரு செட் ஆனால் வரும் 10 பாயின்ட் டை-பிரேக்கில் முதல் சர்வ் யாருடையது? விம்பிள்டனில் இப்படி இல்லையே? கிளப் போட்டி ஒன்றுக்கு இதே முறையில் நடுவராக உட்காரச் சொல்லியிருக்கிறார்கள்.

நெட்கார்டு:
40-40 ஆனதும் நடுவர் "டிசைடிங் பாயின்ட், ரிசீவர்ஸ் சாய்ஸ்" என்பார். பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது ரிட்டர்ன் எடுக்கும் ஜோடி. ஆனால் அவர்கள் தங்களுக்குள் இடம் மாற முடியாது. அந்த செட்டில் டியூஸ் பக்கம் (ரிட்டர்ன் எடுப்பவருக்கு வலது) நிற்பவர் டியூஸ் பக்கம்தான், அட் பக்கம் (இடது) நிற்பவர் அட் பக்கம்தான். ஆகவே பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஆளைத் தேர்ந்தெடுப்பதும் ஒன்றுதான். கலப்பு இரட்டையரில் மட்டும் இந்தத் தேர்வு கிடையாது. சர்வ் போடுபவர் ஆணென்றால் எதிரணி ஆணும், பெண்ணென்றால் பெண்ணும்தான் ரிட்டர்ன் எடுக்க வேண்டும்.

மேட்ச் டை-பிரேக் (நீங்கள் கேட்ட 10 பாயின்ட் டை-பிரேக்): சர்வ் முறை அப்படியே தொடரும். இரண்டாவது செட்டின் கடைசி கேமில் ரிட்டர்ன் எடுத்த ஜோடிக்கே முதல் சர்வ். அந்த செட்டே டை-பிரேக்கில் முடிந்திருந்தால், அதில் முதல் சர்வ் போடாத ஜோடிக்கு. ஜோடிக்குள் யார் முதலில் போடுவது, யார் எந்தப் பக்கம் ரிட்டர்ன் எடுப்பது என்பதைப் புது செட் தொடங்குவதுபோல மாற்றிக்கொள்ளலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. முதலில் போடுபவர் ஒரு பாயின்ட், அதன்பின் ஆளுக்கு இரண்டிரண்டு. 6 பாயின்ட்டுக்கு ஒருமுறை பக்கம் மாற வேண்டும். 10 எடுத்தால் போதாது, 2 பாயின்ட் வித்தியாசமும் வேண்டும். புதுப் பந்து மாற்ற வேண்டிய நேரம் அப்போது வந்தாலும் மேட்ச் டை-பிரேக் தொடக்கத்தில் மாற்றக் கூடாது.

விம்பிள்டன் மகளிர் இரட்டையரில் அட்வான்டேஜும் உண்டு, மூன்றாவது செட்டும் முழுசாக உண்டு. 2022 முதல் அந்த செட்டில் 6-6 ஆனால் 10 பாயின்ட் டை-பிரேக்.

இரண்டாம்சர்வ்:
விதியை நெட்கார்டு சொல்லிவிட்டார். ஆட்டத்தை அது எப்படி மாற்றுகிறது என்பதுதான் சுவாரசியம்.

பழைய முறையில் 40-30, 30-40, அட்வான்டேஜ் எல்லாமே அட் பக்கம்தான் வரும். அதனால் நெருக்கடியில் கை நடுங்காத ரிட்டர்னரை அங்கே நிறுத்துவது வழக்கம். டிசைடிங் பாயின்ட் வந்த பிறகு, டியூஸ் பக்கத்து ஆளின் ரிட்டர்ன் அன்றைக்கு நன்றாக விழுந்தால் அவரையே ஆட வைக்கலாம். ஆனாலும் 30-40 இன்னும் அட் பக்கம்தான், எனவே பழைய கணக்கு முழுதாகச் செத்துவிடவில்லை.

சர்வ் ஜோடி அந்தப் பாயின்ட்டில் பெரும்பாலும் ஐ-ஃபார்மேஷன் போடும். நெட் ஆட்டக்காரர் நடுக்கோட்டில் குனிந்து உட்காருவார். சர்வ் போடுபவர் பேஸ்லைன் நடுக்குறிக்கு ஒட்டி நிற்பார். நெட்டில் இருப்பவர் முதுகுக்குப் பின்னால் கையால் காட்டுவது அடுத்து எந்தப் பக்கம் பாயப்போகிறார் என்பதை. சர்வ் டி-க்கோ (சர்வீஸ் கோடும் நடுக்கோடும் சேரும் இடம்) ரிட்டர்னரின் உடம்புக்கோ போக வேண்டும். ஓரமாகப் போட்டால் ரிட்டர்னருக்கு இரண்டு கோணமும் திறந்துவிடும். வழக்கமாகச் சொதப்புவது பாய்கிற நேரம். ரிட்டர்னர் ராக்கெட்டை முன்னால் வீசத் தொடங்கும்போது நகர வேண்டும். பந்து தரையில் படுவதற்கு முன்பே நகர்ந்தால், அவர் பார்த்துவிட்டுக் காலியான பக்கம் அடித்துவிடுவார். அப்போது திட்டு வாங்குவது சர்வ் போட்டவர், தப்பு என்னவோ நெட்டில் இருந்தவருடையது!

முழு மூன்றாவது செட்டுக்கும் 10 பாயின்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு சானியா மிர்சா–மார்ட்டினா ஹிங்கிஸ் ஜோடியே போதும். 2015 விம்பிள்டன் இறுதியில் ரஷ்ய ஜோடி மகரோவா–வெஸ்னினாவிடம் மூன்றாவது செட்டில் 2-5 என்று பின்தங்கியிருந்து 5-7, 7-6, 7-5 என்று வென்றார்கள். அப்படி மீள ஒரு முழு செட் வேண்டும். 2016 பிப்ரவரியில் தோஹாவில் அவர்களுடைய 41 ஆட்டத் தொடர் வெற்றி முடிந்தது மேட்ச் டை-பிரேக்கில்தான்: 2-6, 6-4, 10-5. ஜெயித்த ஜோடியில் அதே வெஸ்னினா, கூட கசாட்கினா.

கோர்ட்ஓரம்:
நன்றி, இரண்டு பேருக்கும். இன்னொன்று: முறை மாறி வேறொருவர் சர்வ் போட்டுவிட்டால்? கிளப்பில் இது அடிக்கடி நடக்கும்.

நெட்கார்டு:
கேம் நடுவில் கண்டுபிடித்தால் உடனே சரியான ஆளிடம் பந்தைக் கொடுங்கள். ஆடிய பாயின்ட்கள் அப்படியே நிற்கும். தப்பாகப் போட்டது அதே ஜோடியின் பார்ட்னர் என்றால், அவர் போட்ட ஃபால்ட்டும் (தவறிய சர்வ்) நிற்கும்; சரியான ஆள் இரண்டாவது சர்வைத்தான் போட வேண்டும். எதிரணி ஆள் முறை மாறிப் போட்டிருந்தால் அந்த ஃபால்ட் கணக்கில் வராது. கேமே முடிந்துவிட்டதென்றால், மாறிய முறையே அந்த செட் முழுக்கத் தொடரும்.

டை-பிரேக்கில் மட்டும் வேறு கணக்கு. இரட்டைப்படை பாயின்ட் முடிந்திருந்தால் உடனே திருத்தம், ஒற்றைப்படை என்றால் மாறியபடியே தொடரும்.

ரிட்டர்ன் பக்கம் மாறி நின்றால் நடுவில் திருத்தாதீர்கள். அந்த கேம் அப்படியே முடியட்டும். அதே செட்டில் அந்த ஜோடி அடுத்து ரிட்டர்ன் எடுக்கும் கேமில் பழைய இடத்துக்குப் போக வேண்டும்.

ஒவ்வொரு செட்டும் தொடங்கும்போது ஸ்கோர் அட்டையில் இரண்டு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: இரு ஜோடியிலும் முதலில் சர்வ் யார், டியூஸ் பக்கம் ரிட்டர்ன் யார். மேட்ச் டை-பிரேக்குக்கு முன் இதைத் திரும்பக் கேட்டுப் புதிதாக எழுதுங்கள், பழைய வரியைப் பார்த்து ஓட்டாதீர்கள்.