நிமிர்ந்து நிற்கும் கல்மரங்கள்: 68 தளமா, ஒரே வெள்ளமா?

கற்சுவடி:
டைனோசர் இழையில் நேற்று நேர்கோடு போகிறபோக்கில் ஒன்றை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். "பல பாறை அடுக்குகளை ஊடுருவி மரங்கள் நின்றபடியே கல்லாகியிருக்கின்றன. ஓர் அடுக்கு படிய லட்சம் வருடம் என்றால், மரம் அத்தனை லட்சம் வருடமும் மட்காமல் நின்றதா? எல்லா அடுக்கும் ஒரே வெள்ளத்தில் வந்தவை. புவியியலாளர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை." கீழே வரிசையாக விருப்பக்குறி வேறு.

அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயே திறக்கவில்லையா? கனடாவில் நோவா ஸ்கோஷியா, ஃபண்டி விரிகுடாக் கரையில் ஜாகின்ஸ். 1842-ல் புவியியலாளர் சார்லஸ் லயல் அங்கே போய் இந்த மரங்களைப் பார்த்தார். 1852-ல் கனடாப் புவியியலாளர் வில்லியம் டாசனோடு மறுபடி போனார். 1859-ல் டார்வின் தன் 'உயிரினங்களின் தோற்றம்' நூலிலேயே எழுதினார்: அங்கே 1,400 அடி கனமுள்ள படிவுகளில், வேரோடு கூடிய பழைய மண் 68 தளங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது என்று. 2008-ல் யுனெஸ்கோ அதை உலக மரபிடமாக அறிவித்தது. மூடி மறைக்கிறவர்கள் செய்கிற காரியமா இது?

நேர்கோடு:
மரம் நின்றபடி புதைந்தது என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி. என் கேள்வி ஒன்றுதான். ஒரே மரம். எத்தனை அடுக்கு? எத்தனை வருடம்? வரலாற்றுப் பாடம் வேண்டாம்.

கற்சுவடி:
அடுக்குக்கு லட்சம் வருடம் என்று எந்தப் புவியியலாளர் சொன்னார்? நீங்களே சொல்லி, நீங்களே மறுத்துக்கொள்கிறீர்கள். ஆறு கரை உடைத்தால் ஒரே நாளில் ஆளுயரத்துக்கு மணல் போடும். ஜாகின்ஸில் நிலம் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. அடியிலிருந்த உப்புப் படிவு மேலே ஏறிய பாரத்தில் நழுவி ஒதுங்க ஒதுங்க, பள்ளமும் ஆழமானது, வண்டலும் வேகமாக நிரம்பியது. ஒரு மரம் புதைய சில வருடமோ சில பத்து வருடமோ போதும். அதில் யாருக்கும் தகராறு இல்லை.

தகராறு அடுத்த மரத்தில்தான். முதல் மரம் புதைந்த மணலுக்கு மேலே மண் உருவாகி, அதில் வேர்விட்டு இன்னொரு காடு. அதுவும் புதைந்து, மேலே இன்னொன்று. இப்படி 68 தளம். உங்கள் ஒரே வெள்ளத்தில் காடு 68 முறை முளைத்து வளர்ந்ததா?

நேர்கோடு:
ஆக "வேகமாகப் படிந்தது" என்று எழுதிவிட்டீர்கள். குறித்துக்கொண்டேன். இனி வேர் விஷயம். 1980 மே 18, அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தது. பக்கத்து ஸ்பிரிட் ஏரியில் ஆயிரக்கணக்கான மரங்கள் அடித்து வரப்பட்டு மிதந்தன. வேர்ப்பக்கம் கனமாக இருந்ததால் பல மரங்கள் நிமிர்ந்து, அப்படியே அடியில் போய் நின்றன. ஒவ்வொன்றாக மூழ்கியதால் வெவ்வேறு மட்டத்தில். நாளைக்கு ஒருவர் அதைத் தோண்டினால் "பல காடுகள்" என்று எண்ணிக்கொண்டிருப்பார். உங்கள் 68-ம் அதே கணக்குதான்.

வண்டல்:
இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கேள்வி. "அடுக்கு" என்று எதைச் சொல்கிறீர்கள்? விரல்கனப் படலத்தையா, நிலக்கரி முதல் நிலக்கரி வரையுள்ள முழுத் தொகுதியையா? அதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

நேர்கோடு:
வண்டல், திசைதிருப்ப வேண்டாம். ஒரே மரம், எத்தனை அடுக்கு?

கற்சுவடி:
ஸ்பிரிட் ஏரி வரும் என்று தெரியும். எல்லா இழையிலும் வரும். சரி, வேரைப் பார்ப்போம்.

ஜாகின்ஸ் மரங்கள் இன்றைய மரங்களைப் போன்றவை அல்ல. சிஜில்லேரியா, லெப்பிடோடெண்ட்ரான் என்ற, இன்று அழிந்துபோன வகை. அவற்றின் வேருக்கு ஸ்டிக்மேரியா என்று பெயர். அடிமரத்திலிருந்து கிளைத்துக் கிளைத்துப் போகும் தடித்த வேர்; அதன் மேலெல்லாம் வட்ட வட்டத் தழும்பு; ஒவ்வொரு தழும்பிலிருந்தும் ஒரு சிறுவேர் நாலாபக்கமும் நீட்டிக் களிமண்ணைத் துளைத்துக்கொண்டு போகிறது. மண்ணோடு மண்ணாக, முளைத்த இடத்திலேயே. வெள்ளம் பிடுங்கி எறிந்த மரத்தில் சிறுவேர்கள் அறுந்து மொட்டையாக இருக்கும். ஸ்பிரிட் ஏரி மரங்களின் கதை அதுதான். அறுந்த சிறுவேர் ஏரியடிக்குப் போய் மறுபடி களிமண்ணுக்குள் நூல் கோத்ததுபோல நுழைந்துகொண்டதா?

இன்னொன்று. இந்த மரங்களுக்குத் தடித்த பட்டை, நடுவில் மென்மையான பகுதி. பாதி புதைந்து செத்த பிறகு நடுப்பகுதி மட்கிப்போய் வெறும் குழாயாக நின்றது. அந்தக் குழிக்குள் பிறகு வேறு மணல் வந்து விழுந்தது. அதனால்தான் மரத்துக்கு வெளியே ஒரு வகைப் படிவு, உள்ளே வேறு வகை. 1852-ல் லயலும் டாசனும் அந்த உள்மணலை உடைத்தபோது எலும்புகள் கிடைத்தன. நிலத்து நத்தை ஓடும் கிடைத்தது. ஹைலோனமஸ் என்ற சின்னஞ்சிறு ஊர்வனவும் பின்னாளில் அப்படிப்பட்ட அடிமரத்துக்குள் கிடைத்ததுதான். ஊர்வன என்று உறுதியாகச் சொல்லத்தக்கவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று, சுமார் 31 கோடி ஆண்டுப் பழசு. சில அடிமரங்களுக்குள் கரித்துண்டும் இருக்கிறது. வெள்ளத்துக்கு நடுவில் மரம் உளுத்து, பல்லி குடியேறி, தீயும் பிடித்ததா?

சும்மா_ஒருவன்:
கற்சுவடி அண்ணே, மூச்சு விட்டுக்கங்க 😄 ஆனா அந்தக் கரித்துண்டு மேட்டர் சூப்பர்.

நேர்கோடு:
நீளமாக எழுதினால் பதில் ஆகிவிடாது. மேலே நாலு பத்தியில் என் கேள்விக்கு ஓர் எண் இருக்கிறதா? இல்லை. ஒரே மரம். எத்தனை அடுக்கு? எத்தனை வருடம்?

மேலும், நீங்கள் தலையில் தூக்கி வைத்து ஆடும் டாசன் கடைசிவரை டார்வினை எதிர்த்தவர். அதை ஏன் மறைத்தீர்கள்?

கற்சுவடி:
மறைக்கவில்லை, உங்களுக்காக வைத்திருந்தேன். ஆமாம், டாசன் தீவிர கிறிஸ்தவர். மெக்கில் பல்கலைக்கழகத்தின் முதல்வராக இருந்தவர். பரிணாமத்தை ஏற்கவே இல்லை. அப்பேர்ப்பட்டவரே அந்தக் கரையில் கால் தேய நடந்து, தளம் தளமாக எண்ணி, இவை முளைத்த இடத்திலேயே நின்ற காடுகள், ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை என்று எழுதினார். டார்வினை வெறுத்தவருக்கே வேர் வேராகத்தான் தெரிந்தது. உங்களுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

பழைய_உறுப்பினர்:
நேர்கோடு ஆர்க்கியாப்டெரிக்ஸ் (இறகோடு கிடைத்த பழம்பறவைப் புதைபடிவம்) இழையிலும் இதையேதான் செய்தார். "இறகு போலி" என்று ஆரம்பித்து, ஒவ்வொன்றாகப் பதில் வந்ததும் கடைசியில் "எனக்கு வேலை இருக்கிறது" என்று கிளம்பிவிட்டார். அந்தப் பதில் இன்னும் பாக்கி.

நேர்கோடு:
அந்த இழையைப் பூட்டியது யார்? உங்கள் நண்பர்தானே மட்டுறுத்துநர்? பூட்டிய வீட்டுக்குள் எப்படிப் பதில் போடுவது?

மட்டுறுத்துநர்:
அந்த இழை பூட்டப்பட்டது வசைச்சொல்லுக்காக. யார் சொன்னது என்று இங்கே கிளற வேண்டாம். தலைப்புக்குள் பேசுங்கள்.

பழைய_உறுப்பினர்:
யார் சொன்னது என்று எல்லாருக்கும் தெரியும்.

வண்டல்:
ஒரு சின்னத் தகவல். ஜாகின்ஸில் பாறைகள் இப்போது சாய்ந்து கிடக்கின்றன. மரங்களும் அவற்றோடு சேர்ந்தே சாய்ந்திருக்கின்றன, அடுக்குக்குச் செங்குத்தாக. அதாவது மரம் புதைந்து, இறுகிய பிறகுதான் மொத்தமும் சாய்ந்திருக்கிறது. "அடுக்கு" பற்றிய என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கற்சுவடி:
வண்டல் சொன்ன சாய்வு முக்கியம். அப்படிச் சாய்ந்திருப்பதால்தான் கரையோரமாக நடந்தாலே அடுக்கடுக்காகக் காலத்தில் மேலே ஏறலாம். 1843-ல் புவியியலாளர் வில்லியம் லோகன் அப்படித்தான் நடந்து, அடுக்கு விடாமல் அளந்தார். மொத்தம் 14,570 அடி 11 அங்குலம். நேர்கோடு கேட்ட எண்!

நேர்கோடு:
ஆஹா! காலையில் 1,400 அடி, இப்போது 14,570 அடி. கேள்வி கேட்கக் கேட்கப் பாறை வளர்கிறதே! எதை நம்புவது?

கற்சுவடி:
லோகன் அளந்தது முழுக் கரைத்தொடர். டார்வின் சொன்ன 1,400 அடி அதற்குள் ஒரு பகுதி, அந்த 68 தளமும் அதற்குள்தான். சொல்லியும் விளங்கவில்லை என்றால் படம் போடுகிறேன்.

நேர்கோடு:
மாட்டிக்கொண்டதும் விளக்கம் வருகிறது. அது போகட்டும். உலகத்திலேயே உயரமான ஓதம் ஃபண்டி விரிகுடாவில்தான் என்று பீற்றிக்கொள்வீர்கள். ஏறி இறங்கும் அந்தத் தண்ணீருக்கும் சேற்றுக்கும் நடுவில், பதினாலாயிரம் அடியை அங்குல சுத்தமாக அளந்தாராம். 11 அங்குலம்! 10 இல்லை, 12 இல்லை. இதை நம்புகிறவர்தான் என்னை மூடநம்பிக்கைக்காரன் என்கிறார்.

கற்சுவடி:
ஓதம் இறங்கும்போது அளப்பார்கள் ஐயா! ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே அளந்து கூட்டினால் கடைசியில் அங்குலம் வரத்தான் செய்யும். கூட்டல் அது. அந்த ஓதம் குன்றை அரித்துக்கொண்டே இருப்பதால்தான் இன்றைக்கும் அங்கே புதுசு புதுசாக மரம் வெளிப்படுகிறது. 68 தளத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

நேர்கோடு:
நீங்கள் முதலில் அந்த 11 அங்குலத்துக்குச் சொல்லுங்கள்.

சும்மா_ஒருவன்:
அங்குலம் இருக்கட்டும், அதே காலத்துல ஆளை விட நீளமான மரவட்டை இருந்துச்சாமே, ஆர்த்ரோப்ளூரா? அது நடந்த தடமும் ஜாகின்ஸில் இருக்காமே?

கற்சுவடி:
இருக்கிறது. தனி இழை தொடங்குங்கள், எழுதுகிறேன். இங்கே 68-க்குப் பதில் வரும்வரை நான் நகர மாட்டேன்.

நேர்கோடு:
வேண்டாம் தம்பி. தனி இழை தொடங்கினால் அந்த மரவட்டையையும் இவர் அங்குலம் வரை அளந்துவிடுவார்.

பழைய_உறுப்பினர்:
"வேலை இருக்கிறது" இன்னும் வரவில்லையே?

மட்டுறுத்துநர்:
பழைய_உறுப்பினர், இது இரண்டாவது எச்சரிக்கை.

பழைய_உறுப்பினர்:
முதல் எச்சரிக்கை எனக்கு எப்போது கொடுத்தீர்கள்?