கலைச்சொல் வேண்டும்: இன்ஃப்ளமேஷன், ஆன்டிஆக்சிடன்ட் (வெள்ளி மாலைக்குள்)

உணவியலாளர், கடலூர் முதுநகர்

குழும அன்பர்களுக்கு வணக்கம். தேவனாம்பட்டினத்தில் மூட்டுவலிக்காரர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் ஒரு முகாம் நடக்கவிருக்கிறது. அதற்கு ஒருபக்கத் துண்டறிக்கை எழுதுகிறேன். வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். உடலில் வீக்கமும் வலியும் உண்டாக்கும் இன்ஃப்ளமேஷனுக்கு 'அழற்சி' என்று போட்டு அங்குள்ள பெண்கள் சிலரிடம் படிக்கக் கொடுத்தேன். "உள்ள அழுகிப்போச்சுங்கிறீங்களா?" என்று பதறிவிட்டார்கள். உடலில் ஆக்சிஜனேற்றத்தால் வரும் சிதைவைக் குறைக்கும் பொருளான ஆன்டிஆக்சிடன்டுக்கு 'ஆக்சிஜனேற்றத் தடுப்பான்' என்றேன். "ஆக்சிஜனத் தடுத்தா ஆளு என்னாவுறது?" என்றார் ஒருவர். கொரோனாக் காலத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே அவர்களுக்கு சிலிண்டர்தான் நினைவுக்கு வருகிறது. வழி சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நெல்லிக்குப்பம்

அம்மா, அழற்சியைக் கைவிடாதீர்கள். சுழல் சுழற்சியானதும் முயல் முயற்சியானதும் போல, எரிதல் என்று பொருள்படும் அழல் அழற்சியாயிற்று. 'சி' தொழிற்பெயர் விகுதி. அழுகலுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான இலத்தீன் வினைக்கும் தீ மூட்டுதல் என்றே பொருள். செல்சுசு என்ற உரோமானியர் சிவப்பு, வீக்கம், சூடு, வலி என நான்கு குறிகளை இதற்கு எழுதிவைத்தார். நான்கையும் ஒருசேர நினைவூட்ட 'அழல்' போல வேறு சொல் இல்லை. அழலும் தழலும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் கருத்து. அழுகை என்பதையும் அங்கேதான் சேர்ப்பேன். நெஞ்சு வெந்த பிறகுதானே கண் அழுகிறது?

சித்த மருத்துவர், வில்லியனூர்

ஐயாவின் புணர்ச்சி விதியில் குறையில்லை. ஆனால் நோய்களை வளி (வாதம்), அழல், ஐயம் (கபம்) என்று மூன்றாகப் பிரிக்கும் எங்களுக்கு அழல் என்றால் பித்தம். வாதத்தில் வரும் மூட்டுவீக்கத்தை அழற்சி என்று எழுதினால் எங்கள் மாணவர் பித்தக் கணக்கில் சேர்த்துவிடுவார். எங்கள் ஏடுகளில் இன்ஃப்ளமேஷனுக்குத் தாபிதம் என்ற சொல் இருக்கிறது. அதைத் தணிக்கும் மருந்தின் செய்கையை வீக்கமுருக்கி என்போம்.

தமிழாசிரியர், நெல்லிக்குப்பம்

தாபிதம் 'தாப'த்திலிருந்து வந்த வடசொல். அழல் கையில் இருக்கும்போது அதைக் கடன் வாங்குவானேன்? வீக்கமுருக்கியை மட்டும் மனமார ஏற்கிறேன், என்ன அழகான சொல்!

வேதியியல் ஆசிரியை, இலாசுப்பேட்டை

இரண்டாவது சொல்லுக்கு வருகிறேன். ஆக்சிஜனேற்றம் என்பது எலக்ட்ரானை இழப்பது. ஆக்சிஜன் இல்லாமலும் அது நடக்கும். 'உயிர்வளியேற்ற எதிர்ப்பி' என்று தூய்மைப்படுத்தினாலும் பிழை அப்படியே நிற்கும். இந்தப் பிழை மூலத்திலேயே இருக்கிறது. எல்லா அமிலத்திலும் இந்த வாயு உண்டு என்று நம்பித்தான் பிரெஞ்சு வேதியியலாளர் இலவாசியே 1777இல் ஆக்சிஜனுக்கு 'அமிலம் ஆக்குவது' என்று பெயரிட்டார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் கிடையாது. பெயர் மட்டும் உலகெங்கும் நிலைத்துவிட்டது. ஒரு சொல்லே முழு உண்மையையும் சுமக்க வேண்டும் என்று நாம் மட்டும் ஏன் அடம்பிடிக்கிறோம்?

இணைசேராத எலக்ட்ரானோடு திரியும் மூலக்கூறான ஃப்ரீ ராடிகலுக்குப் பாடநூல் தரும் 'தனி உறுப்பு' இதைவிடச் சிக்கல். நோயாளி அதைக் கை, கால் போல ஓர் உறுப்பு என்றே படிப்பார். துண்டறிக்கையில் அதைத் தொடவே வேண்டாம்.

பழைய எண்ணெயில் வரும் சிக்குவாடை ஆக்சிஜனேற்றத்தால் வருவது. வெயிலில் காயும் கருவாட்டின் கொழுப்பிலும் அதுவே நடக்கிறது. கடற்கரைப் பெண்களுக்கு இதை நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. 'சிக்குத்தடுப்பி' என்றால் என்ன?

மென்பொருள் தமிழாக்கர், கடலூர்

சிக்கு என்றதும் தலைமுடிச் சிக்குதான் நினைவுக்கு வருகிறது. சீயக்காய் விளம்பரம் போலாகிவிடும். 'ஆன்டிஆக்சிடன்ட்' என்றே போடலாம். வைட்டமினை அப்படித்தானே ஏற்றுக்கொண்டோம்?

பொது மருத்துவர், புதுச்சேரி

சொல்லைவிட எனக்குப் பயம் 'எதிர்ப்பு', 'தடுப்பு' என்ற ஒட்டுகள்தான். காயம் ஆறுவதே அழற்சியால்தான். கிருமியைக் கொல்ல வெள்ளணுக்கள் தாமே வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. அவை அளவு மீறித் தங்கும்போது செல்லுக்குள் அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் முடுக்கப்படுகின்றன, அழற்சி மேலும் அவற்றைப் பெருக்குகிறது. மாதக்கணக்கில் ஓயாமல் நீடிக்கும் அந்த நிலைதான் மூட்டையும் இரத்தக்குழாயையும் கெடுப்பது.

'தடுப்பான் நல்லது' என்று எழுதினால் மாத்திரை வாங்கப் போவார்கள். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை தின்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, சுமார் 18 விழுக்காடு கூடியது. கீரையும் பழமும் வேறு, அதிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுத்த மாத்திரை வேறு. 'அழற்சி எதிர்ப்பு உணவு' என்று அச்சிட்டால் மூட்டுவலி மாத்திரையை நிறுத்திவிட்டு வருபவரையும் நான்தான் பார்க்க வேண்டியிருக்கும். 'தணிக்கும்' என்று எழுதுங்கள்.

இன்னொன்று: மத்தி, கானாங்கெளுத்தியை ஆன்டிஆக்சிடன்ட் பட்டியலில் வைக்காதீர்கள். அந்த மீன்களில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அழற்சியை அடங்கச் செய்யும் வேதிப்பொருள்களுக்கு மூலம். அதுவே எளிதில் ஆக்சிஜனேற்றமடையும் பொருளும்கூட.

தமிழாசிரியர், நெல்லிக்குப்பம்

'தணிக்கும்' மிக நன்று. தீயைத் தணிப்பதுதான் தமிழ் வழக்கு. அழலுக்கு அதைவிடப் பொருத்தமான வினை கிடையாது. நெல்லியைப் பட்டியலில் முதலில் வையுங்கள். அதியமான் ஔவைக்குக் கொடுத்த கனி. எங்கள் ஊர்ப்பெயரில் இருப்பது நெல்லா நெல்லியா என்பதைத் தனி இழையில் பேசுவோம்.

உணவியலாளர், கடலூர் முதுநகர்

எல்லோருக்கும் நன்றி. 'அழற்சி' என்று போட்டு, பக்கத்தில் 'உள்சூடும் வீக்கமும்' என்று விளக்கம் தரலாமா?

சித்த மருத்துவர், வில்லியனூர்

வேண்டாம் அம்மா. சூடு என்று படித்தால் இளநீரும் மோருமாகத் தேடுவார்கள். மீன் சூடு என்று மத்தியையே ஒதுக்குவார்கள். நீங்கள் சாப்பிடச் சொல்லும் மீன் முதலில் போய்விடும்.

உணவியலாளர், கடலூர் முதுநகர்

அப்படியானால் 'அழற்சி: ஆறாமல் நீடிக்கும் வீக்கமும் வலியும்' என்று போடுகிறேன். கீழே 'அழற்சியைத் தணிக்க உதவும் உணவு, மாத்திரையை நிறுத்தக் கூடாது' என்ற வரி வரும். இரண்டாவது சொல்லுக்கு ஆன்டிஆக்சிடன்ட், பக்கத்தில் நெல்லி, கொய்யா, முருங்கைக்கீரைப் படங்கள். அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

வேதியியல் ஆசிரியை, இலாசுப்பேட்டை

சம்மதம். சிக்குத்தடுப்பியை வகுப்பில் சொல்லிப் பார்க்கிறேன்.

தமிழாசிரியர், நெல்லிக்குப்பம்

எனக்குச் சம்மதமில்லை என்பதைப் பதிவுசெய்யுங்கள். வைட்டமினுக்கு உயிர்ச்சத்து என்ற சொல் இருந்தும் நாம் பழக்கவில்லை, அதனால்தான் இன்று அதையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். ஆன்டிஆக்சிடன்டுக்கு 'சிதைவுதணிப்பி' என்பதை முன்மொழிகிறேன். அடுத்த அச்சுக்குமுன் யாராவது மறுத்துப் பேசுங்கள்.