மாலை போட்டவர் பாதுகாப்புக் காலணி அணிய மறுக்கிறார், என்ன செய்யலாம்?

கேட்டவர்: பவுண்டரிக்காரன்

கோவை கணபதிப் பக்கம் ஒரு பவுண்டரியில் பகல் ஷிப்டு சூப்பர்வைசராக இருக்கிறேன். பம்பு உறைகள்தான் பெரும்பாலும் வார்க்கிறோம். கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் பட்டறை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். மோல்டிங் பகுதியில் பாதிப் பேர் கறுப்பு வேட்டி, துளசி மாலை, தாடி. ஐப்பசி வரைக்கும் என்னை ஒருமையில் ஏசிக்கொண்டிருந்த பர்னஸ்காரர் இப்போது “சாமி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் சாமி” என்கிறார். சம்பளத்துக்கு மறுநாள் ஆள் குறைவதில்லை, கைகலப்பு இல்லை, டாஸ்மாக் வாசனை இல்லை. வருடத்தில் நான் நிம்மதியாகத் தூங்கும் காலம் இதுதான் என்றுகூடச் சொல்வேன்.

இந்த வருடம் அந்த நிம்மதியும் போயிற்று. லேடில், அதாவது உருகிய இரும்பை ஏந்தும் வாளியைப் பிடித்து ஊற்றுகிறவர்களில் கைதேர்ந்த ஒருவர், மாலை போட்ட நாள் முதல் வெறுங்காலோடு நிற்கிறார். முழங்கால் வரை கட்டும் தோல் உறையும் வேண்டாமாம், தோல் உடம்பில் படக்கூடாதாம். லேடிலில் இருப்பது 1,350 டிகிரி இரும்புக் குழம்பு. தரையில் கொஞ்சம் ஈரம் இருந்து அதில் ஒரு கரண்டியளவு சிந்தினாலும் வெடித்துத் தெறிக்கும்.

முதலாளியிடம் போனேன். அவரும் மாலை போட்டிருக்கிறார், ஏசி அறையில் வெறுங்காலோடு. “ஐயப்பன் பார்த்துக்கொள்வார்” என்றார். பார்த்துக்கொள்ளட்டும், ஆனால் விபத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது நான். எனக்குப் பக்தி இல்லை என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அப்பா தவறி ஆண்டு திரும்பாததால்தான் இந்த முறை மாலை போடவில்லை. அதையே பிடித்துக்கொண்டு, “மாலை போடாதவருக்கு என்ன தெரியும்” என்று அந்த லேடில்காரர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

இதையும் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை பீகார்ப் பையன் ஒருவன் ஜும்மா தொழுகைக்குப் போய் முக்கால் மணி நேரம் கழித்து வந்தான். அவனுக்கு அரை நாள் சம்பளம் வெட்டச் சொன்னவரும் இதே முதலாளிதான்.

பதில்: ஓய்வுபெற்ற பாதுகாப்பு அலுவலர், ராணிப்பேட்டை

தம்பி, முதலில் அவரை இன்றைக்கே லேடிலிலிருந்து இறக்குங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

நான் பணியில் இருந்த காலமெல்லாம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம்தான். அதன் 111-ஆவது பிரிவு, தக்க காரணமின்றித் தனக்கோ பிறருக்கோ ஆபத்து வரும் காரியத்தைத் தொழிலாளி வேண்டுமென்றே செய்யக்கூடாது என்றது. மீறினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது நூறு ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நூறு ரூபாயைக் கேட்டு யார் பயப்படுவார்கள்? நான் அந்தப் பிரிவை வைத்து ஒருவரையும் மிரட்டியதில்லை.

சமய வழக்கத்துக்காகப் பாதுகாப்பு விதியைத் தளர்த்துவது உலகத்தில் இல்லாததல்ல. நம் 1988 மோட்டார் வாகனச் சட்டமே தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு ஹெல்மெட்டிலிருந்து விலக்குத் தருகிறது. பிரிட்டனில் 1989-இல் கட்டுமானத் தளங்களுக்கும் அப்படி ஒரு விலக்கு வந்தது. கனடாவில் கதை வேறு. தலைப்பாகையை எடுக்க மாட்டேன் என்ற ரயில்வே எலக்ட்ரீஷியன் ஒருவரின் வழக்கில், பாதுகாப்புத் தொப்பி அந்த வேலைக்கு அவசியம் என்று 1985-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரயில்வே பக்கம் தீர்ப்பளித்தது. இவையெல்லாம் பெரும்பாலும் தன் தலையோடு போகும் ஆபத்து. லேடில் அப்படியில்லை. சுட்டுக்கொண்டு அவர் கையை விட்டால் எதிரே பிடித்திருப்பவரும் சேர்ந்து வெந்துபோவார்.

தோல்தான் தடை என்றால், தோல் கலக்காத பாதுகாப்புக் காலணிகள் கடையில் கிடைக்கின்றன. மெஷின் ஷாப்புக்கு அவை போதும். ஆனால் குழம்பு ஊற்றும் இடத்துக்குச் சரிப்படாது, செயற்கைப் பொருள் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே மண்டலம் முடியும் வரை அவரை ஸ்டோர், ஆய்வு, வார்ப்புக்குள் வைக்கும் மணல் அச்சு செய்கிற கோர் அறை என்று ஆபத்துக் குறைந்த இடத்துக்கு மாற்றுங்கள். அங்கேயும் ஏதாவதொரு காலணி இருக்கட்டும். அந்தத் தாடியையும் பர்னஸ் பக்கம் விடாதீர்கள்.

பதில்: சிங்காநல்லூர் குருசாமி

சாமி சரணம். நான் டர்னராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், மலைக்குக் குழு கூட்டிப்போகிறவன். நீங்களும் முதலாளியும் பேசினால் அவர் கேட்க மாட்டார். மாலை போட்டவர் கேட்பது குருசாமி சொல்லைத்தான். அவருக்கு மாலை அணிவித்தவர் யார் என்று விசாரித்து அவரைப் பாருங்கள்.

என்னிடம் மாலை போட வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே “என்ன வேலை” என்றுதான். போலீஸ், லாரி, கரண்ட் கம்பம், பவுண்டரி என்றால் வேலை நேரத்தில் காலணி போட்டுக்கொள், வெளியே வந்ததும் காலைக் கழுவிவிட்டுச் சரணம் சொல் என்று சொல்லித்தான் அணிவிப்பேன். கார்த்திகை ஒன்றாம் தேதிக்குப் பிறகு சொன்னால் அது அவருக்கு விரதபங்கமாகத் தெரியும், முன்னாலேயே சொன்னால் அதுவே விரதத்தின் விதி. அடுத்த வருடம் புரட்டாசியிலேயே பேச்சை எடுங்கள். மலையிலும் காலில் கொப்புளம் வந்தவர்களை நான் வெறுங்காலோடு ஏறச் சொன்னதில்லை. உங்கள் முதலாளிக்கு ஏசி அறையில் வெறுங்கால் சுலபம், அவரை அளவுகோலாக எடுக்காதீர்கள்.

பதில்: ஆம்பூர்க்காரி

எல்லோரும் காலைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த முக்கால் மணி நேரத்தை யாரும் தொடவில்லை.

நான் ஷூ தொழிற்சாலையில் தையல் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரம். கூடுதலான அரை மணியை அன்று மாலை எல்லோரும் சேர்ந்து ஈடுகட்டுகிறோம், தொழுகிறவர்களும் தொழாத எங்களைப் போன்றவர்களும். அந்த நேரத்தில் நான் வங்கிக்குப் போய் வருவேன், யாருக்கும் நஷ்டமில்லை. உங்கள் இடத்தில் ஒருவருடைய நம்பிக்கைக்கு உயிரையே பணயம் வைக்கலாம், இன்னொருவருடைய நம்பிக்கைக்கு அரை நாள் கூலி போகும். இதை அந்தப் பையன் கவனிக்கவில்லை என்று நினைக்கிறீர்களா அண்ணா? தீபாவளிக்கும் சட் பூஜைக்கும் ஊருக்குப் போன பீகார் ஆட்கள் திரும்பி வராமல் போவதற்கு மேஸ்திரிகள் ஆயிரம் காரணம் சொல்வார்கள். இப்படிப்பட்ட வெட்டுகளை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

கேட்டவர்: பவுண்டரிக்காரன்

குருசாமி சொன்னபடி அவருடைய குருசாமியைத் தேடிப் பிடித்தேன், கவுண்டம்பாளையத்தில் டீக்கடை வைத்திருக்கிறார். பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை கோர் அறையில் விட்டிருக்கிறேன், ரப்பர் செருப்புக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். ஆனால் லேடில்காரர்களுக்கான தினசரி ஊக்கத்தொகை கோர் அறையில் கிடையாது. அதைக் கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டால், “வேலை செய்யாததற்கு எப்படிக் கொடுப்பது” என்கிறார். ஆம்பூர்ச் சகோதரி சொன்ன வெள்ளிக்கிழமை ஏற்பாட்டையும் அதே மூச்சில் கேட்டேன். ஷிப்டு நேரத்தை எழுதிக் கொண்டுவா, பார்க்கலாம் என்றார். ராணிப்பேட்டை ஐயா, ஊக்கத்தொகை விஷயத்தில் உங்கள் அனுபவத்தில் எங்காவது வழி செய்திருக்கிறார்களா?

பதில்: ஓய்வுபெற்ற பாதுகாப்பு அலுவலர், ராணிப்பேட்டை

பாதித் தொகை கொடுத்த இடத்தைப் பார்த்திருக்கிறேன். புதிதாக லேடில் பிடிப்பவர்களுக்கு அவர் கைகாட்டிச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எழுதி, அதைப் பயிற்சிக் கணக்கில் போட்டார்கள். தூரத்தில் நின்று சொல்லிக் கொடுக்கட்டும்.