ஆக்ஸிஜன் மிஷின்ல இருக்குற குண்டு நைட்ரஜன மட்டும் எப்டி புடிக்குது? ஓட்டை ரெண்டுக்குமே பெருசாதானே இருக்கு

தண்டையார்பேட்டை டவுட்டு:
வணக்கம் மக்களே. 2021ல கொரோனா ரெண்டாவது அலை அப்போ அடிச்சு புடிச்சு ஒரு அஞ்சு லிட்டர் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் (காத்துலேருந்து நைட்ரஜன எடுத்துட்டு ஆக்ஸிஜன் குடுக்குற மிஷின்) வாங்கி வெச்சோம், அப்பால அது தேவைப்படவே இல்ல, பரண்ல ஏத்துனதோட சரி. இப்போ பெரியப்பாவுக்கு டாக்டர் ராத்திரில ஆக்ஸிஜன் வைக்க சொல்லிட்டாருன்னு இறக்கி ஆன் பண்ணா ஒரே அலாரம். சர்வீஸ் அண்ணன் மீட்டர் வெச்சு பாத்தாரு, ஆக்ஸிஜன் 93 சதவீதம் காட்ட வேண்டிய எடத்துல 71 காட்டுது. "சீவ் பெட் காலி தம்பி"ன்னுட்டாரு, அதாவது உள்ள காத்த சலிக்குற சல்லடை சிலிண்டர் கெட்டு போச்சாம். வேற மிஷின் வாடகைக்கு எடுத்தாச்சு, பெரியப்பா நல்லா கீறாரு, அத பத்தி கவலை வேணாம்.

என் டவுட்டு வேற. பழைய சிலிண்டர பிரிச்சு அவர் பேப்பர்ல கொட்டுனாரு, ரவை சைஸுல வெளுப்பா உருண்டை உருண்டையா இருந்துச்சு. ஜியோலைட்டாம், உள்ள குட்டி குட்டி கூண்டு கூண்டா ஓட்டை இருக்குற படிகம். நெட்ல தேடுனா 13எக்ஸ்னு ஒரு வகை, அதோட வாசல் முக்கால் நானோமீட்டர் கிட்ட இருக்குன்னு போட்டுருக்கான். ஆனா ஆக்ஸிஜன் மூலக்கூறு 0.346 நானோமீட்டர், நைட்ரஜன் 0.364, ரெண்டுமே ஜாலியா உள்ள போயிடுமே? அப்போ எத வெச்சு சலிக்குது? பரண்ல சும்மா கெடந்தது எப்டி கெட்டு போச்சு?

மிண்ட் ஸ்ட்ரீட் மச்சி:
சிம்பிள் ப்ரோ, நைட்ரஜன் சைஸ் பெருசு, அதான் மாட்டிக்குது, ஆக்ஸிஜன் சின்னது, நழுவி வந்துடுது. மாவு சலிக்குற மாதிரி.

மணலி நைட் ஷிப்ட்:
மச்சி, அது தப்பு, தம்பியே ரெண்டும் உள்ள போவும்னு நம்பர் போட்டு சொல்லிட்டானே. கேஸ் பிரிக்கிற பிளான்ட்ல இருவது வருசமா குப்ப கொட்றேன், இந்த சல்லடைன்ற பேருதான் எல்லாரையும் கொழப்புது.

13எக்ஸ்ல ரெண்டு கேஸும் உள்ள போவும், வரும். வித்தியாசம் எது அதிக நேரம் ஒட்டிக்கினு நிக்குதுன்றதுலதான். ஜியோலைட் கூண்டுக்குள்ள சோடியம், இல்லன்னா லித்தியம் அயனி உக்காந்திருக்கும். நைட்ரஜன் மூலக்கூறுல மின்னூட்டம் ஒரே சீரா பரவல, நடுவுல ஒரு மாதிரி, ரெண்டு முனையில ஒரு மாதிரி. ஆக்ஸிஜன்லயும் அது இருக்கு ஆனா ரொம்ப கம்மி. அதனால அந்த அயனி நைட்ரஜன கெட்டியா புடிச்சுக்கும். அழுத்தம் ஏத்துனா நைட்ரஜன் ஒட்டும், எறக்குனா வுட்டுடும். உங்க மிஷின்ல ரெண்டு சிலிண்டர் மாத்தி மாத்தி வேலை செய்யும், நடுநடுவுல "புஸ்"ஸுன்னு வருதே, அது புடிச்ச நைட்ரஜன வெளிய தள்ற சத்தம்.

ஆர்கானையும் அது புடிக்காது. காத்துல ஆக்ஸிஜன் 21 பங்குன்னா ஆர்கான் 0.93 பங்கு, நைட்ரஜன் முழுசா போனாலும் ஆர்கான் கூடவே வந்துடும், அதான் எந்த வீட்டு மிஷினும் 95, 96க்கு மேல தாண்டாது. நூறு வரும்னு எவனாச்சும் வித்தா டுபாக்கூர்.

கெட்டதுக்கு காரணம் ஈரம். தண்ணி மூலக்கூறு நைட்ரஜன விட பல மடங்கு கெட்டியா அந்த அயனிங்களோட ஒட்டும், சாதா அழுத்தம் எறக்குறதுக்கெல்லாம் வெளிய வராது. ஓடிக்கினு இருக்குற மிஷின்ல ஈரத்த கொஞ்சம் கொஞ்சமா வெளிய ஊதித் தள்ளிடும். சும்மா நிக்கிறதுல தள்ள ஆளில்ல, நம்ம கடக்கர ஓரத்து காத்து வேற, வருசக்கணக்குல உள்ள ஊறிக்கினே போவும். எடம் ஃபுல்லு, நைட்ரஜனுக்கு சீட்டு இல்ல.

நெஜமாவே வேகத்த வெச்சு பிரிக்கிறது வேற சரக்கு, கார்பன் மூலக்கூறு சல்லடைன்னு கருப்பா இருக்கும், நைட்ரஜன் தயாரிக்கிற பிளான்ட்ல போடுவோம். அதுல வாசல் ரெண்டு கேஸ் சைஸுக்கும் ரொம்ப கிட்ட இருக்கும், அந்த 0.018 வித்தியாசத்துலயே ஆக்ஸிஜன் பல மடங்கு வேகமா உள்ள பூந்துடும், நைட்ரஜன் தெணறும். நைட்ரஜன் நொழையிறதுக்குள்ள வால்வ மாத்திடணும், லேட் பண்ணா ரெண்டும் நெறஞ்சு பிரிப்பே இருக்காது.

தீசிஸ் பாதில நிக்குது:
அண்ணன் சொன்னது கரெக்ட். உள்ள போற வழிய நான் சொல்றேன், என் பொழப்பே அதான்.

ஒரு குண்டுன்றது ஒரே ஜியோலைட் இல்ல. ரெண்டு மூணு மைக்ரான் படிகம் லட்சக்கணக்குல களிமண்ணு போட்டு உருட்டி வெச்சது. படிகங்களுக்கு நடுவுல பெரிய சந்து, படிகத்துக்குள்ள நானோ வாசல். தீபாவளி நேரத்துல எம்.சி. ரோடு மாதிரி வெச்சுக்கங்க, கடைக்குள்ள பூந்துட்டா துணி பாக்க நேரம் ஆவாது, ரோட்ட தாண்டி கடை வாசலுக்கு போறதுதான் பேஜாரு. 13எக்ஸ்ல ஆக்ஸிஜன், நைட்ரஜனுக்கு அப்டிதான், லேட் ஆவுறது வெளி சந்துலதான். போற தூரம் ரெண்டு மடங்கு ஆனா நேரம் நாலு மடங்கு ஆவும். அதான் சில செகண்டுல மாத்துற வீட்டு மிஷினுக்கு ரவை சைஸு, பெரிய பிளான்ட்டுக்கு கொண்டக்கடல மாதிரி இல்லன்னாலும் ரெண்டு மில்லிமீட்டர் சைஸு.

சந்து அகலமும் ஆட்டத்த மாத்தும். சாதா காத்துல ஒரு மூலக்கூறு சராசரியா 70 நானோமீட்டர் கிட்ட ஓடுனாதான் இன்னொன்னு மேல இடிக்கும். சந்து அத விட குறுகலா இருந்தா? ராயபுரத்துல சில சந்துல ஆளே இல்லன்னாலும் ரெண்டு தோளும் செவுத்துல ஒரசுமே, அந்த கத, ஒன்னோட ஒன்னு இடிக்காது, செவுத்துலதான் இடிக்கும். இதுக்கு நூட்சன் பரவல்னு பேரு, லேசான மூலக்கூறு வேகமா போவும். இன்னும் குறுகி நானோமீட்டருக்கு கீழ வந்துட்டா செவுறு வுடவே வுடாது, ஒரு எடத்துல ஒட்டி, எகிறி, அடுத்த எடத்துல ஒட்டிதான் போவணும். சூடு கொஞ்சம் ஏத்துனாலே வேகம் தாறுமாறா ஏறும்.

எனக்கு புடிச்சது ஒத்த வரிசை பரவல். கொழா மாதிரி ஒரே வழி இருக்குற சில பொருள்ல ஒன்ன ஒன்னு தாண்ட முடியாது. ஹார்பர் கேட்டுக்கு கன்டெய்னர் லாரி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல நிக்குமே, உன் லாரி காலியா இருந்தாலும் முன்னாடி லாரி நவுராம நீ நவுர முடியாது. அங்க தூரம் ரெண்டு மடங்குன்னா நேரம் பதினாறு மடங்கு. 13எக்ஸ்ல இந்த பிரச்சின இல்ல, ஒவ்வொரு கூண்டுக்கும் நாலு வாசல்.

ஜெர்மனில லைப்ஸிக்ல கார்கர்னு ஒருத்தர் 1970கள்ல என்எம்ஆர்னு காந்தத்த வெச்சு அளக்குற முறையில மூலக்கூறு உள்ள நவுர்ற வேகத்த நேரா அளந்தாரு. அதுவரைக்கும் எடை ஏறுறத வெச்சு போட்ட கணக்க விட ஆயிரக்கணக்கான மடங்கு வேகம் வந்துச்சு. பழைய முறையில சூடு ஏறுறது, படிக தோல்ல இருக்குற தடை, எல்லாத்தையும் உள் பரவல் கணக்குல எழுதிட்டாங்க. இன்னிக்கும் எங்க லேப்ல ரெண்டு அளவும் ஒத்துப் போவல, கைடு என்ன மொறைக்கிறாரு.

மணலி நைட் ஷிப்ட்:
தம்பி, பழைய குண்டு மிச்சம் இருந்தா சர்வீஸ்காரர்ட்ட புதுசு ஒரு ஸ்பூன் வாங்கு. ரெண்டையும் தனித்தனி எவர்சில்வர் கிண்ணத்துல போட்டு நாலஞ்சு சொட்டு தண்ணி வுடு. கைல வெச்சுக்காத, தூள மூக்குல இழுக்காத.

தண்டையார்பேட்டை டவுட்டு:
பாத்துட்டேன் அண்ணே. புதுசு "சுர்ர்"ருன்னு சத்தம் போட்டு குட்டி குட்டி முட்டை வுட்டுச்சு, கிண்ணத்து அடிய தொட முடியல. பழசு சும்மா நனைஞ்சு கெடக்கு, சூடே இல்ல. பெரியம்மா எட்டி பாத்துட்டு "சுண்ணாம்பாடா அது?"ன்றாங்க. பழசுல ஏற்கனவே தண்ணி குடிச்சு முடிச்சிருக்குன்னு அர்த்தம், அப்டிதானே? இத இரும்பு சட்டில வறுத்தா திரும்ப வருமா?

மணலி நைட் ஷிப்ட்:
அர்த்தம் சரி, தண்ணி புதுசா ஒட்டும்போதுதான் சூடு வரும். வறுக்காத. பிளான்ட்ல 300 டிகிரி கிட்ட காஞ்ச கேஸ் ஓட்டி காய வைப்போம், ஈரத்தோட அப்டியே சுட்டா படிகமே ஒடஞ்சுடும். பெரியப்பா மூச்சு வுடுற மிஷின்பா, புது பெட் போடு.