பெருந்தமனிக் 'கிழிசலா', 'அடுக்குரிவா'?

> அயோர்ட்டிக் டிசெக்‌ஷனுக்குப் 'பெருந்தமனிக் கிழிசல்' போதுமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். பெருந்தமனி என்பது இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக்குழாய். அதன் சுவர் மூன்று அடுக்கு. உள்ளடுக்கில் கிழிசல் விழுவது உண்மைதான். அது வாசல் மட்டுமே. அதன் வழியே நுழையும் இரத்தம் நடு அடுக்கைப் பிளந்துகொண்டு நெடுக ஓடி, பக்கத்திலேயே ஒரு பொய்க்குழலை உண்டாக்கிவிடுகிறது. 'கிழிசல்' என்று சொன்னால் நோயாளியின் வீட்டார் இரத்தம் வெளியே கொட்டிவிட்டது என்றே நினைப்பார்கள். அதற்கு 'வெடிப்பு' என்ற சொல் இருக்கிறது.

ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்துக் 'கூறிடல்' என்றால், அது எனக்குப் பிணவறையைத்தான் நினைவூட்டுகிறது. போதாததற்கு அது பிறவினை. யாரோ கத்தி எடுக்க வேண்டும். இங்கே தானாக நடக்கிறது, ஆகவே தன்வினை வேண்டும்: உரித்தல் அல்ல, உரிதல். என் பரிந்துரை 'பெருந்தமனி அடுக்குரிவு'. வாழைமரத்தில் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே விரலை நுழைத்தால் நெடுக விட்டுக்கொடுக்குமே, அப்படி.

பெயர் பிசகினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக்கே சாட்சி. 1819இல் அவர் இதை ஒருவகைப் 'புடைப்பு' என்று அழைத்தார். புடைப்பே இல்லாமலும் இது வரும். ஆனாலும் அந்தப் பெயர் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டது.

நோயாளிக்கு நெஞ்சில் திடீரென்று வலி, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகிலும் பிளப்பது போல. மாரடைப்பு என்று எண்ணி இரத்தக்கட்டி கரைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டால் ஆபத்து. இரண்டு கைகளிலும் இரத்த அழுத்தம் வேறுபட்டால் சந்தேகம் வர வேண்டும். இதயத்திலிருந்து மேலேறும் பகுதியில் உரிவு என்றால் உடனே அறுவை. இந்நோயை வகைப்படுத்திய அமெரிக்க அறுவை மருத்துவர் டிபேக்கிக்கே 2005 கடைசியில், 97 வயதில், இது வந்தது. அறுவைக்குப் பின் 2008 வரை இருந்தார்.

--------

> 'பெருந்தமனி அடுக்குரிவு'

இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. எங்கட பாடநூல்களில் தமனிக்கு நாடி, அயோர்ட்டாவுக்குத் தொகுதிப்பெருநாடி. ஆகவே முற்பாதி ஊருக்கு ஊர் மாறும். பிற்பாதியில் ஒரு ஐயம்: உரிதல் என்றால் பாம்புச் சட்டைபோல வெளித்தோல் கழல்வதல்லவா? 'உட்பிளவு' பொருந்தாதா?

--------

> 'உட்பிளவு' பொருந்தாதா?

எலும்பு முறிவையும் பிளவு என்கிறோமே, அதுதான் இடிக்கிறது. 'அடுக்கு' என்ற சொல் முன்னால் நிற்கிறவரை பாம்புச் சட்டை வராது என்று நினைக்கிறேன். முற்பாதியை நீங்கள் 'பெருநாடி' என்றே வையுங்கள். வார்டில் இருப்பவர்கள் யாராவது ஒரு வாரம் இதைச் சொல்லிப் பார்த்து எழுதினால் நல்லது.