‘நோயாளர் அறிக்கையிட்ட பெறுபேறு’ – மாற்றுச் சொல் வேண்டும்

வணக்கம் டொக்டர்,

தொடைமூட்டு மாற்று ஒப்பரேஷனுக்கான உங்கள் சொற்பட்டியலில் ‘patient-reported outcome’ என்பதற்குப் போட்ட ‘நோயாளர் அறிக்கையிட்ட பெறுபேறு’ சரிவராது. பெறுபேறு என்றதும் இங்கே ஓ எல் பரீட்சைதான் ஞாபகம் வரும். ‘விளைவு’ என்றால் பக்கவிளைவு வந்து ஒட்டிக்கொள்ளும். அறிக்கை எழுதுவது வைத்தியசாலை. நோயாளர் வாயால் சொல்கிறார். வைத்தியரோ தாதியோ திருத்தாமல் அவரே சொல்வதுதான் இதன் உயிர். ஆகவே ‘தற்கூற்று நலநிலை’. வினாக்கொத்துக்குத் ‘தற்கூற்று அளவை’. மகள் பதில் சொன்னால் ‘பிறர்கூற்று’, வைத்தியர் போடும் புள்ளி ‘பரிசோதகர் கூற்று’ என்று சொல் தானாகக் கிளைக்கும்.

இதைவிடச் சிக்கல் ‘இடுப்பு’. தேயிலைத் தோட்டத்தில் ‘இடுப்பு வலிக்குது’ என்றால் முதுகின் அடிப்பக்கம்; கர்ப்பிணி சொன்னால் பிரசவ வலி. மூட்டுத் தேய்ந்த வலியோ பெரும்பாலும் கவட்டிலும் தொடையின் முன்பக்கத்திலும் தெரியும், சிலருக்கு முழங்காலில்கூட. படிவத்தில் வெறும் ‘இடுப்பு’ என்று அச்சடித்தால் கொழுந்துக்கூடை சுமந்த முதுகுவலியும் கணக்கில் சேரும். புது மூட்டு நன்றாக இருந்தும் புள்ளி ஏறாது. ‘தொடைமூட்டு’ என்று எழுதி, ஒப்பரேஷன் செய்த பக்கத்தைப் படத்தில் காட்டலாம்.

தொடைமூட்டுக்கான தற்கூற்று அளவையான ஒக்ஸ்போர்ட் அளவையில் (Oxford Hip Score) 12 கேள்விகள், கடந்த 4 கிழமை நிலை, கேள்விக்கு 0 முதல் 4, மொத்தம் 48. அதில் காலுறை போட முடிகிறதா என்றொரு கேள்வி. கொழுந்தெடுக்கும் அம்மாவிடம் அதைக் கேட்டு என்ன பயன்? காலில் ஏறிய அட்டையைக் குனிந்து எடுக்க முடிகிறதா என்றால் அதே மடிப்புத்தான், உடனே விளங்கும். ஆனால் உரிமம் இல்லாமல் கேள்வியை மாற்றக்கூடாது. இருவர் தனித்தனியே பெயர்த்து, மூன்றாமவர் திரும்ப ஆங்கிலமாக்கி, நோயாளரிடம் வாசித்துப் பார்க்க வேண்டும். குந்தி உட்காருவது பற்றி அதில் கேள்வியே இல்லை. தோட்ட லயத்துக் குடியிருப்பின் கழிவறைக்கு அது அவசியம். தனியாகக் கேட்போம், 48இல் சேர்க்காமல்.

—

மிஸ்,

தற்கூற்றுக்குச் சம்மதம், தொடைமூட்டுக்கும். ‘பரிசோதகர் கூற்று’ மட்டும் வேண்டாம், ‘பரிசோதகர் மதிப்பீடு’ என்போம். தொடைமூட்டுக்கென 1969இல் வந்த ஹரிஸ் அளவையின் (Harris Hip Score) 100 புள்ளியில் 44 வலிக்கு. அதையும் நோயாளரிடம் கேட்டுவிட்டு, போடுவது வைத்தியர்தான். கூற்று அவருடையதல்ல.

எழுத வாசிக்கத் தெரியாதவருக்குத் தாதி வாசித்தால் ‘வாசிப்புவழி’ என்று படிவத்தில் குறிக்க வேண்டும். முன்பு வாசித்துக் கேட்டவரிடம் 6 மாதத்தின் பின் படிவத்தைக் கையில் கொடுத்தால் இரண்டு புள்ளிகளையும் ஒப்பிடுவது கஷ்டம். ‘இப்ப பரவாயில்லதானே?’ என்று தாதி எடுத்துக்கொடுத்தால் அது தற்கூற்றே அல்ல. ஒக்ஸ்போர்ட் அளவையில் இரண்டு கேள்வி வரை விடுபட்டால் மற்றவற்றின் சராசரியை இடலாம். அதற்கு மேல் போனால் மொத்தம் போடாதீர்கள்.

பழைய ஒக்ஸ்போர்ட் தாள்களில் கவனம்: முன்பு 12 முதல் 60 வரை, குறைந்தால் நல்லது. 60இலிருந்து கழித்தால் இன்றைய புள்ளி. பழைய 20 என்பது இப்போது 40. சொற்பட்டியலில் ‘புள்ளி’ என்ற இடத்தில் எந்த முறை என்பதையும் போட்டுவிடுங்கள்.