பவளம் வெளுத்திருக்கும்போது பெர்ஹெந்தியான் போகலாமா?

சிப்புட்_முன்னாள்_மாணவர்:
வணக்கம். சுங்கை சிப்புட்டில் எங்கள் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கம் பள்ளி விடுமுறையில் 40 பேரை, மலேசியாவின் திரங்கானு கரையோரம் உள்ள பெர்ஹெந்தியான் தீவுக்கு அழைத்துப்போகத் திட்டமிட்டிருக்கிறது. பவளப்பாறை வெளுத்துக் கிடக்கிறது, போகாதீர்கள் என்கிறார்கள் சிலர். யாரும் போகாவிட்டால் படகுக்காரர்கள் என்ன செய்வார்கள் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி? பவளம் செத்தால் நம் பாசாரில் மீன் விலையும் ஏறுமா?

கடலடி:
வெளுத்தது எல்லாம் செத்தது அல்ல. பவள உயிரியின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு நிறமும், உணவில் பெரும்பங்கும் தருகிறது. நீர் சூடேறினால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். உள்ளிருக்கும் சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரியும். சில வாரங்களில் சூடு தணிந்தால் பாசி திரும்பும். தணியாவிட்டால் பட்டினியால் சாகும், கூட்டின்மேல் வேறு பாசி பச்சையும் பழுப்புமாகப் படரும். கிளைவிடும் வகைகள் முதலில் போகும். உருண்டைப் பவளம் ஓரளவு தாங்கும்.

ஆண்டின் மிகச் சூடான மாதத்துக்கு அந்த இடத்தில் ஒரு சராசரி உண்டு. அதைவிட 1 பாகை கூடுதலாக 4 வாரம் நீடித்தால் வெளுப்பு. 8 வாரம் நீடித்தால் சாவும் தொடங்கும். கடலையும் வானிலையையும் கண்காணிக்கும் அமெரிக்காவின் நோவா அமைப்பு இந்தக் கணக்கைச் செயற்கைக்கோள் வழி எடுத்து நாள்தோறும் இணையத்தில் போடுகிறது, இலவசம். புறப்படும் முன் பாருங்கள். அந்தக் கணக்கு 8ஐ நெருங்கினால் பாறைப் பக்கம் இறங்கவேண்டாம். மணல் கரை போதும். 2010இல் ரெடாங், தியோமான் உள்ளிட்ட தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை அரசே மூடியது. எங்கே மூடியிருக்கிறார்கள் என்பதை மீன்வளத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீவுக்_கணக்கு:
போங்கள் என்றே சொல்வேன். பெர்ஹெந்தியான் 1994இலிருந்து கடல் பூங்கா. கரையிலிருந்து 2 கடல்மைல் வரை மீன்பிடிக்கத் தடை. தடை நல்லதுதான், மீன் பெருக அதுவே காரணம். ஆனால் கிராமத்துக்காரர்களில் பலர் வலையை விட்டுவிட்டு டாக்சிப் படகு, ஸ்நோர்கெல் (மூச்சுக்குழாயோடு மிதந்து பவளம் பார்ப்பது) வழிகாட்டி வேலைக்கு வந்துவிட்டார்கள். பயணிகள் குறைந்தால் வீட்டுவாசலில் வலை போட்டுப் பிழைக்க முடியாது. 2 கடல்மைலுக்கு வெளியே போக எண்ணெய்ச் செலவு, வலை, உரிமம் எல்லாம் வேண்டும். படகு இயந்திரக் கடனோ மாதாமாதம் வரும். அதோடு வடகிழக்குப் பருவக்காற்றில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை, தொழில் ஏறக்குறைய படுத்துவிடும். மீதி மாதங்களின் வருமானத்தில்தான் ஆண்டு முழுதும் ஓடவேண்டும். கடல் சூடேறுவதும் அந்த மாதங்களில்தான்.

ஒரே வருமானத்தை நம்பி நிற்பதன் ஆபத்து நம்மவர்களுக்குப் புதிதல்ல. ரப்பர் தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோன குடும்பங்கள் எத்தனை! அதற்கு மாற்றாகத்தான் உங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960இல் தொழிலாளர் காசைத் திரட்டிக் கூட்டுறவுச் சங்கம் கட்டினார். தீவுப் படகுக்காரர்களுக்கும் அப்படிச் சொந்தமாக ஒரு சேமநிதி வேண்டும். நிவாரணத்துக்குக் காத்திருப்பவன் அதற்குள் படகை விற்றுவிடுவான்.

பாசார்க்காரர்:
மீன் விலைக்கு என் பதில். நம் பாசாரில் அதிகம் விற்கும் கெம்போங், செலார் மீன்கள் பவளத்தை நம்பி வாழ்பவை அல்ல. அவற்றின் விலை பருவக்காற்று, டீசல், வலைவரத்தைப் பொறுத்தது. அடிபடுவது பாறையில் வாழும் கெராப்பு (களவா), ஈக்கான் மேரா (செம்மீன் வகை, சங்கரா போன்றது). அதுவும் உடனே தெரியாது. செத்த பவளத்தின் கூடு சில ஆண்டுகள் நிற்கும், மீனும் இருக்கும். கூடு நொறுங்கிய பிறகு சிறுமீனுக்கு ஒளிவிடம் போய், பெருமீனுக்கு இரை போய்விடும். ஒன்றைக் கட்டாயம் தவிருங்கள்: கிளிமீன். பாசியைச் சுரண்டித் தின்று புதுப் பவளம் ஒட்ட இடம் விடுவது அதுதான்.

சிப்புட்_முன்னாள்_மாணவர்:
மிக்க நன்றி. அப்படியானால் 40 பேரை எப்படி இறக்குவது? பாதிப்பேருக்கு நீச்சல் தெரியாது.

கடலடி:
ஒரே நேரத்தில் 40 பேரை இறக்காதீர்கள். 10 பேருக்கு ஒரு படகு, ஒரு வழிகாட்டி. இரண்டு படகு காலை, இரண்டு மதியம். நீச்சல் தெரியாதவருக்கு லைப் ஜாக்கெட் மட்டும் போதும், துடுப்புக் காலணி வேண்டாம். பவளத்தை அதிகம் உடைப்பது புதியவர்கள் உதைக்கும் அந்தத் துடுப்புதான். கிளம்பும் மணலும் பவளத்தின்மேல் படியும். நீர் வற்றும் நேரத்தில் ஆழம் குறைந்த இடத்தில் இறங்கினால் களைத்தவர் பவளத்தின்மேலேயே கால் ஊன்றிவிடுவார். ஆகவே வற்று நேரத்தை முதலிலேயே கேளுங்கள், குறைந்தது 2 மீட்டர் ஆழமாவது இருக்கட்டும். படகு மிதவையில் கட்டவேண்டும், நங்கூரம் போடக்கூடாது.

ரொட்டி வீசாதீர்கள். ரொட்டிக்குப் பழகிய மீன் பாசி மேய்வதை விட்டுவிடும். சன் கிரீமுக்குப் பதில் முழுக்கைச் சட்டை. கிரீம் வேண்டுமென்றால் ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் இல்லாததாகப் பாருங்கள். ஹவாயில் 2021 முதல் இவை இரண்டும் கலந்த கிரீம் விற்கத் தடை.

தீவுக்_கணக்கு:
ஒன்று விட்டுப்போனது. எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜில் கட்டினால் இடைத்தரகர் எடுத்தது போகத்தான் படகுக்காரருக்குக் கிடைக்கும். கரையில் கோலா பெசுட் துறையிலிருந்து தீவுக்குப் போகும் படகையும் தங்குமிடத்தையும் மட்டும் முன்பதிவு செய்யுங்கள். ஸ்நோர்கெல் படகை பெர்ஹெந்தியான் கெச்சில் கிராமத்தில் நேரே பேசி, பணத்தைப் படகுக்காரர் கையிலேயே கொடுங்கள். ஒரு வேளைச் சாப்பாடாவது கிராமத்துக் கடையில் இருக்கட்டும். 40 பேர் என்பதால் முதல் நாளே சொல்லிவையுங்கள். கடைக்காரர் சாமான் வாங்கக் கரைக்குப் போய்வரவேண்டும்.